மெட்டல் வாசிப்பவன் ஏன் எல்பி சேர்க்கிறான்?

பிப்ரவரி 9, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

"ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையை வாசிக்கும் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவர் வீட்டிலும் சுவர் முழுக்க எல்பி, அதாவது வினைல் இசைத்தட்டுகள். எனக்குப் புரியவே இல்லை. இவ்வளவு வேகம், இவ்வளவு சத்தம், இவ்வளவு டிஸ்டார்ஷன் (கிடாரின் கரகரப்பு) உள்ள இசையைப் பிளாஸ்டிக் பள்ளத்தில் ஊசியை ஓட்டிக் கேட்பதில் என்ன கிடைத்துவிடும்? போனில் இதைவிடச் சுத்தமாகக் கேட்கிறதே. மெட்டலுக்கும் வினைலுக்கும் பொருத்தமே இல்லை என்பது என் கட்சி."

பிப்ரவரி 9, இரவு

பொருத்தம் இருக்கிறது. நான் 17 வருடமாக ஒரு மெட்டல் குழுவில் ரிதம் கிடார் வாசிக்கிறேன். என்னிடம் 600 தட்டுகளுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், அதில் பாதிக்கு மேல் மெட்டல். பல ஆல்பங்கள் சிடியைவிட எல்பியில்தான் நன்றாகக் கேட்கின்றன. சிடியில் எல்லாச் சத்தத்தையும் உச்சிக்கு ஏற்றி நசுக்கிவிடலாம். தட்டில் அப்படிப் பள்ளம் வெட்டினால் ஊசி துள்ளிவிடும். அதனால் எல்பிக்கு மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது) செய்பவர் இசை மூச்சுவிட இடம் வைத்தே ஆக வேண்டும். கிக் டிரம்மின் அடி நெஞ்சில் விழுவது அதனால்தான்.

பிப்ரவரி 10

நேற்று சத்தத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு இசைத்தட்டு இல்லாவிட்டால் ஹெவி மெட்டல் இன்று நமக்குத் தெரிந்த உருவத்தில் பிறந்தே இருக்காது.

பிளாக் சப்பாத் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழுவின் கிடாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு தகரப் பட்டறையில் வேலை பார்த்தார். வேலையை விட்டுவிட்டுக் குழுவோடு போக முடிவு செய்திருந்தார், அன்றுதான் கடைசி நாள். அன்று எந்திரத்தில் சிக்கி வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. இனி கிடார் இல்லை என்று அவர் இடிந்து போயிருந்த சமயத்தில் பட்டறை மேலாளர் ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸ் கிடார். இவர் வாசிப்பதைக் கேள் என்றார். கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: 1928-ல் வண்டியில் பிடித்த தீயில் ஜாங்கோவின் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிவிட்டன, நீ கேட்டதெல்லாம் மீதி விரல்களால் வாசித்தது.

அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். கம்பி அழுத்தினால் வலிக்கிறது என்று மெல்லிய கம்பி போட்டார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கம்பிகளை மேலும் தளர்த்தி சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். இன்று நாங்கள் எல்லோரும் கீழ்ச் சுருதியில் வாசிக்கிறோம் என்றால் வேர் அங்கே இருக்கிறது. ஒரு மனிதர் இன்னொருவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த தட்டு அது. இதை நினைக்கும்போதெல்லாம் என் அலமாரியை எழுந்துபோய் ஒருமுறை பார்ப்பேன்.

பிப்ரவரி 10, பின்னிரவு

கம்பியை அழுத்துவது இடது கைதானே, வலது கை விரல் போனால் என்ன என்று கேட்டவருக்கு: அயோமி இடது கைக்காரர். அவருக்குக் கம்பியை அழுத்துவது வலது கை.

பிப்ரவரி 13

இன்று பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்த நாள். 1970, பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவு செய்து முடித்தது.

என்னிடம் இருப்பது முதல் பதிப்பு இல்லை. ஒரு நண்பரிடம் இருக்கிறது, வெர்டிகோ நிறுவனத்தின் சுழல் லேபிள் ஒட்டியது. லேபிளில் பெயரோ பாட்டு வரிசையோ இல்லாத பக்கம் ஒன்று உண்டு, கறுப்பு வெள்ளை வளையங்கள் மட்டும். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் அந்த வளையங்கள் உள்ளே உள்ளே போவது போலத் தெரியும். ஊசி இறங்கியதும் முதலில் வருவது மழை, பிறகு தூரத்தில் ஒரு மணி. பழைய தட்டில் பள்ளத்தின் சொந்த இரைச்சல் அந்த மழையோடு சேர்ந்துகொள்கிறது. எது பதிவில் இருந்த மழை, எது 50 வருடத் தூசி என்று பிரிக்க முடியவில்லை. முதல் ரிஃப் (கிடாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு) விழும் வரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நீர் ஆலை, முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண். போன் திரையில் பார்த்தால் அவள் ஒரு புள்ளி. 12 அங்குல உறையில் அவள் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பிப்ரவரி 16

9-ம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும். மாஸ்டரிங் துறையில் இருக்கும் ஒருவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். அவர் சொல்வதுதான் சரி.

தட்டுக்கென்று தனி மாஸ்டர் செய்தால் மட்டுமே நான் சொன்னது பொருந்தும். இப்போது வரும் எல்பிகளில் நிறைய, சிடிக்குப் போட்டு நசுக்கிய அதே கோப்பிலிருந்து வெட்டப்படுகின்றன. ஒட்டுமொத்தச் சத்தத்தைக் குறைத்து வெட்டினால் போதும், நசுங்கியது நசுங்கியபடியே தட்டில் ஏறிவிடும். தட்டிலிருந்து எடுத்த பதிவை அளந்து "பார், ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கிறது" என்று நானே ஒரு காலத்தில் காட்டியிருக்கிறேன். அந்த எண் பெரும்பாலும் ஏமாற்றும். தட்டில் ஏறி இறங்கும்போது அலையின் உருவம் கொஞ்சம் மாறுவதால் உச்சிகள் உயர்ந்து தெரிகின்றன. நசுக்கியதில் இழந்தது திரும்பி வருவதில்லை.

ஆக, "எல்பி என்றாலே நல்ல சத்தம்" என்று இனி சொல்ல மாட்டேன். எந்த ஆல்பம், யார் வெட்டியது, எதிலிருந்து வெட்டியது என்றுதான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி உண்மை. அதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம், வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போகிறது. 20 நிமிடப் பக்கத்தை விரித்தால் 400 மீட்டருக்கு மேல் நீளும். சுற்றும் வேகம் மாறாது, நிமிடத்துக்கு 33⅓. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள் ஓரத்தில் சுமார் 21 செ.மீ. மட்டுமே. அதே சிம்பல் (டிரம்மோடு இருக்கும் உலோகத் தாளம்) ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது. அலைகள் நெருங்கிவிடுகின்றன, ஊசி முனையால் வளைவுகளைச் சரியாகத் தொட முடிவதில்லை. "ஸ்ஸ்" என்று மணலைக் கொட்டுவது போன்ற ஒலி வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டுக்கு இந்தத் தலைவிதி உண்டு. மெட்டலில் கடைசிப் பாட்டுத்தான் பெரும்பாலும் நீளமானது, சிம்பல் நிறைந்தது.

பேஸ் வேறொரு தொல்லை. தாழ்ந்த ஒலிக்குப் பள்ளம் அகலமாக ஆட வேண்டும், இடத்தைத் தின்றுவிடும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஃபோனோ பிரீ-ஆம்ப் அதை அப்படியே திருப்பிப் போடுகிறது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் இதற்கு ஒரே அளவை வைத்தது. மிகத் தாழ்ந்த ஒலியிலும் மிக உச்ச ஒலியிலும் சுமார் 20 டெசிபல் வரை மாற்றம். ஃபோனோ பிரீ-ஆம்ப் இல்லாமல் டர்ன்டேபிளை நேராக ஆம்பில் செருகிவிட்டு "மெட்டல் தட்டில் பேஸே இல்லை" என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேஸ் இருக்கிறது, அதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது விஷயம் நேரம். ஒரு பக்கம் 18 முதல் 22 நிமிடம் என்றால் வசதியாக வெட்டலாம். ஸ்லேயர் குழுவின் 1986 ஆல்பம் முழுதுமே 29 நிமிடம்தான், பக்கத்துக்கு 15 நிமிடம்கூட இல்லை. பள்ளம் தாராளமாக ஆட இடம் இருக்கிறது. அதே வருடம் வந்த மெட்டாலிக்கா குழுவின் மூன்றாவது ஆல்பம் கிட்டத்தட்ட 55 நிமிடம், ஒரே தட்டில். பள்ளம் ஆட இடம் குறைவு, அதனால் எத்தனை தரம் கேட்டாலும் அந்தத் தட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கத்தான் கை போகிறது. 1988-ல் அவர்களின் அடுத்த ஆல்பம் 65 நிமிடம் ஆனபோது இரண்டு தட்டாகப் போட்டார்கள்.

பிப்ரவரி 17, இரவு

ஊசி துள்ளும் என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். லெட் செப்பலின் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 1969-ல் பாப் (ராபர்ட்) லட்விக் வெட்டினார், நன்றாகச் சத்தம் ஏற்றி. சாதாரணப் பிளேயரில் அது துள்ளியது. உடனே நிறுத்திவிட்டு, சத்தம் குறைத்து மறுபடி வெட்டினார்கள். முதலில் அச்சான தட்டுகளில், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகள் "ஆர்எல்" (RL) என்று கீறியிருக்கும். சேகரிப்பவர்கள் இன்றும் டார்ச் அடித்து அந்த இரண்டு எழுத்தைத்தான் தேடுகிறார்கள்.

பிப்ரவரி 21

என் சொந்த அனுபவம் ஒன்று.

16 வயதில் எனக்கு ஒரு பழைய 12 அங்குல இபி (எல்பியைவிடக் குறைவான பாட்டுகள் உள்ள தட்டு) கிடைத்தது. உறை இல்லை, லேபிளில் வேகம் அச்சிடவில்லை. 12 அங்குலம் என்றால் 33 என்பது அன்றைய என் நம்பிக்கை. போட்டேன். மலை நகர்வது போல ஒரு ரிஃப் வந்தது. பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. இரண்டு மாதம் அதைக் கேட்டுக் கேட்டு என் கிடாரை அந்தச் சுருதிக்கு இறக்கி, ரிஃப்களை எல்லாம் எடுத்தேன். பிறகு டிரம்மர் நண்பன் வந்து பொத்தானை 45-க்குத் தள்ளினான். அது வேகமான த்ராஷ் குழு.

அந்த இரண்டு மாதம் வீண் போகவில்லை. வேகத்தில் தெரியாத சின்னச் சின்ன வேலைகள், இடது கை கம்பியை அமர்த்தும் விதம், வலது கை எங்கே நிறுத்துகிறது, எல்லாம் மெதுவாக ஓடியபோது காதில் விழுந்திருந்தன. எங்கள் குழுவின் முதல் பாட்டு அந்தத் தவறான வேகத்தில் பிறந்தது. இன்றும் மேடையில் அதைத்தான் கடைசியாக வாசிக்கிறோம்.

பிப்ரவரி 22

கணக்கு கேட்டவருக்கு: 45-ஐ 33⅓-ல் ஓட்டினால் சுருதி ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று மேல் இறங்கும். சரியாக ஐந்தில் நிற்காது, அதனால்தான் கிடாரைக் காதை வைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய பிளேயர்களில் 16⅔ வேகமும் உண்டு. அது 33⅓-ல் சரிபாதி, ஒரு முழு ஸ்தாயி இறங்கும், அதனால் அதே சுரங்கள்தான் கேட்கும், கிடாரைச் சுருதி மாற்ற வேண்டாம். வேகமான சோலோக்களை அந்தக் காலக் கிடாரிஸ்டுகள் அப்படித்தான் எடுத்தார்கள்.

மார்ச் 2

"இசைக்கலைஞன் வாசிக்க வேண்டும், சேர்த்து வைத்து என்ன பயன்?" என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஸ்வீடனின் ஓபெத் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் அந்தக் குழுவின் பாடகர், கிடாரிஸ்ட், பாட்டுகளை எழுதுபவர். மெட்டல் உலகில் வெறிகொண்ட தட்டு சேகரிப்பாளர் என்றால் பலர் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. 1998-ல் வந்த ஓபெத் ஆல்பத்தின் தலைப்பு காமஸ் என்ற ஆங்கிலேய ஃபோக் குழு 1971-ல் போட்ட ஆல்பத்தின் ஒரு வரியிலிருந்து வந்தது. 2001 ஆல்பத்துக்கு வைத்த பிளாக்வாட்டர் பார்க் என்ற பெயர், 1970-களின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு மறைந்துபோன ஜெர்மானியக் குழுவின் பெயர். 2011-ல் அவர் உறுமல் குரலையே விட்டுவிட்டு ஒரு ஆல்பம் செய்தார். ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர் அலமாரியில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமே இல்லை. வருடக்கணக்கில் அவர் கேட்டுக்கொண்டிருந்த இசை அதுதான்.

மெட்டாலிக்காவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் இன்னொருவர். மெட்டாலிக்கா தொடங்கும் முன்பே பிரிட்டிஷ் மெட்டல் சிங்கிள்களைத் தேடித் தேடி வாங்கியவர். டயமண்ட் ஹெட் குழு 1980-ல் முதல் ஆல்பத்தை வெறும் வெள்ளை உறையில், 1000 பிரதி மட்டும், தாங்களே வெளியிட்டது. அந்தக் குழுவைப் பார்ப்பதற்காகவே லார்ஸ் 1981-ல் பதின்வயதில் இங்கிலாந்துக்குப் போனார். மெட்டாலிக்காவின் ஆரம்ப மேடைகளில் டயமண்ட் ஹெட் பாட்டுகள் நிறைய இருந்தன, கேட்டவர்களில் பலர் அவற்றை மெட்டாலிக்காவின் சொந்தப் பாட்டு என்றே நினைத்தார்கள். 1990-ல் லார்ஸ் அந்தக் காலப் பிரிட்டிஷ் மெட்டல் பாட்டுகளைத் தொகுத்து ஒரு ஆல்பமே கொண்டுவந்தார். 2023-ல் மெட்டாலிக்கா அமெரிக்காவில் ஒரு தட்டு அச்சுத் தொழிற்சாலையின் பெரும்பங்கையே வாங்கிவிட்டது.

யாரும் வாங்காத தட்டை ஒருவர் காப்பாற்றி வைத்திருந்தால், இருபது வருடம் கழித்து அது இன்னொருவரின் ரிஃப்பில் வெளியே வரும். இதைப் பயன் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 3

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். கேட்டவர் வருத்தப்பட வேண்டாம். கருத்தை மாற்றவில்லை.

மார்ச் 8

தட்டுகளை எப்படி வைப்பது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. செங்குத்தாக நிறுத்துங்கள், சாய்த்தோ அடுக்கியோ வைக்காதீர்கள். வெயில் பட்டால் வளைந்துவிடும். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) செய்தவர் சொன்ன அளவில் வையுங்கள், பொதுவாக 2 கிராமை ஒட்டி இருக்கும். பாவம் என்று எடையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், எடை போதாத ஊசி பள்ளத்தில் ஆடி ஆடி அதிகம் கெடுக்கும். படம் அச்சடித்த தட்டு சுவருக்கு அழகு, இரைச்சல் கூடுதல். 180 கிராம் தட்டு கையில் பிடிக்கச் சுகம், சத்தத்துக்கு அந்த எடை ஒன்றும் செய்வதில்லை. 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே துடைக்காதீர்கள், கரைந்துவிடும்.

மார்ச் 15

இதுவரை சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவின் மூன்றாவது ஆல்பம் எல்பியாக வரப்போகிறது. எங்கள் முதல் எல்பி.

நாங்கள் போட்ட பாட்டு வரிசையை வெட்டுபவர் பார்த்துவிட்டு, 'ஏ' பக்கத்தின் கடைசியில் இருக்கும் பாட்டை மாற்ற முடியுமா என்று கேட்டார். அது எங்களுடைய மிக வேகமான பாட்டு, முழுக்க இரட்டைக் கிக், சிம்பல் நிற்காது. உள் வளையத்தில் போட்டால் மணல் கொட்டும் என்றார். பிப்ரவரி 17-ம் தேதி நான் இங்கே விளக்கியதேதான். ஆனால் என் சொந்த ஆல்பத்துக்கு வரிசை போடும்போது எனக்கு அது தோன்றவில்லை. திரையில் பாட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன, நான் பட்டியலாகவே யோசித்துவிட்டேன்.

ஒரு வாரம் சண்டை. பேஸ் வாசிப்பவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, கதையே மாறிவிடும் என்றார். கடைசியில் என் அலமாரியிலிருந்து ஐந்தாறு பழைய ஆல்பங்களை எடுத்து, பக்கம் பக்கமாகப் போட்டுக் கேட்டோம். எழுந்து போய்த் தட்டைத் திருப்பும் அந்த அரை நிமிட மௌனம் இருக்கிறதே, அதற்காகவே அந்தக் குழுக்கள் பாட்டு வைத்திருக்கிறார்கள். 'ஏ' பக்கம் இறங்கி முடிகிறது, 'பி' பக்கம் கதவை உடைத்துக்கொண்டு தொடங்குகிறது. அவரே எழுந்து, "அந்த வேகப் பாட்டு 'பி' பக்கம் முதல் பாட்டு" என்றார். சுத்தமான கிடாரில் முடியும் மெதுவான பாட்டு 'ஏ' பக்கத்தின் கடைசிக்குப் போனது.

ஆல்பம் இப்போதுதான் ஆல்பமாக இருக்கிறது. வாசகரே, உங்கள் கேள்விக்கு என் நேரான பதில் இதுதான்: தட்டு சேர்த்திருக்காவிட்டால் எனக்கு இது காதில் விழுந்திருக்காது.

ஏப்ரல் 26

சோதனைப் பதிப்பு வந்தது. ஐந்து தட்டுகள், வெள்ளை உறை, வெள்ளை லேபிள், எங்கள் பெயர்கூட இல்லை. மூக்கருகில் வைத்தால் புது வினைல் மணம்.

'பி' பக்கம் முதல் பாட்டு சுத்தமாக இருக்கிறது. சிம்பல்கள் பளிச்சென்று நிற்கின்றன. 'ஏ' பக்கத்தின் கடைசியில், கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில், டிக். டிக். டிக். மூன்று முறை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் இடையில் 1.8 நொடி. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான். அடுத்தடுத்த மூன்று சுற்றுகளைக் குறுக்கே தொடும் ஒரு சின்னக் காயம். ஐந்து தட்டையும் போட்டுப் பார்த்தேன், ஐந்திலும் அதே இடம். அப்படியென்றால் தூசி இல்லை, கீறலும் இல்லை, அச்சிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 27

அச்சு என்றால் என்ன என்று கேட்டவருக்கு. முதலில் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு பூசிய அலுமினியத் தட்டில் வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் படிய வைத்து உரித்தால் தலைகீழ்ப் பிரதி, "ஃபாதர்". அதிலிருந்து நேர்ப் பிரதி, "மதர்". மதரிலிருந்து எடுக்கும் தலைகீழ்ப் பிரதிதான் ஸ்டாம்பர், அதை வைத்துத்தான் வினைலை அழுத்துவார்கள். மதரில் நேர்ப் பள்ளம் இருப்பதால் அதையே ஊசி வைத்துக் கேட்க முடியும். மதரிலும் டிக் இருந்தால் மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டும். இல்லையென்றால் புது ஸ்டாம்பர் போதும். கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

மே 4

மதர் சுத்தம். ஸ்டாம்பரில்தான் காயம்.

மே 29

இரண்டாவது சோதனைப் பதிப்பு இன்று காலை வந்தது. நால்வரும் வந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு 'ஏ' பக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே போட்டோம். கடைசிப் பாட்டில் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகி, கிடார் மட்டும் மிஞ்சியது. பேஸ் வாசிப்பவர் விரலால் மேசையில் 1.8 நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. டிக் இல்லை. நான்காவது முறை தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார். ஊசி வெற்று வளையத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து அதைத் தூக்கவில்லை.